நிறம் உபயம்

ஓணாங்குளத்தில் நிறங்கள் இடம் மாறத் தொடங்கிய கதையை யாரிடம் கேட்டாலும் அது ஒரு செவ்வாய்க்கிழமை என்றுதான் சொல்வார்கள், எந்த மாதம் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொன்று சொல்வார்கள், ஏனென்றால் அந்த ஊரில் மாதத்தைவிடக் கிழமைக்குத்தான் மரியாதை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளெக்ஸ் பேனரும் கல்யாணப் பத்திரிகையும் வெப்சைட்டும் செய்துகொடுக்கிற தன் கடையில் உட்கார்ந்து, முப்பத்தெட்டு வயது உலகம்மை, வெயிலுகந்தன் அண்ணாச்சியின் மிளகாய் வத்தல் கம்பெனி வெப்சைட்டுக்கு ஒரு சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். களத்தில் காய்ந்த வத்தலைத் தானே போய்த் தன் போனில் படம் எடுத்து வந்திருந்தாள். கம்ப்யூட்டரில் இங்க் ஃபில்லர் மாதிரி ஒரு குட்டிப் படம் இருக்கும், டிராப்பர் என்பார்கள், அதைக் கொண்டுபோய் எந்த இடத்தில் வைத்து அழுத்துகிறோமோ அந்த இடத்து நிறம் நம் கைக்கு வந்துவிடும். உலகம்மை அதை ஒரு வத்தலின் முதுகில் வைத்து அழுத்தினாள். சிவப்பு வந்தது. பத்து நிமிஷத்தில் அண்ணாச்சியும் வந்தார்.

"ஏட்டி உலகம்மை, என் வத்தல என்ன செஞ்ச?"

களம் பூராவும் வத்தல் வெள்ளையாகக் கிடந்தது. சுண்ணாம்பு வெள்ளை இல்லை, பால் வெள்ளை இல்லை, இன்னும் அச்சில் ஏறாத பேப்பர் எப்படி இருக்கும், அப்படி. அவர் அள்ளிக்கொண்டு வந்திருந்ததில் ஒன்றை எடுத்து உலகம்மை கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "காரம் கொறையல அண்ணாச்சி" என்றாள். அவரும் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, "அப்பச் சரி" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். திரையில் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தும்மல் வந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்த எல்லாருக்கும் வந்தது. குஜராத்திலிருந்து ஒரு ஆள் தும்மிக்கொண்டே போன் பண்ணி நாலு லோடு கேட்டார், வெள்ளை வத்தலுக்குத் தனியாக இரண்டு லோடு கேட்டார்.

ஏன் இப்படி, எப்படி இப்படி என்று கேட்கக்கூடிய ஆள் ஊரில் ஒரே ஒருவர்தான் இருந்தார், அவர் சயின்ஸ் வாத்தியார், அவரும் ரிட்டயர் ஆகி மகன் வீட்டுக்கு மதுரை போய்விட்டார். ஆகவே யாரும் கேட்கவில்லை. உலகம்மை மட்டும் விடவில்லை. அவளுக்கு எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. குடத்தை எடுத்துப் பார்த்தாள், கேலண்டரை எடுத்துப் பார்த்தாள், கடையில் பிளெக்ஸ் மெஷின் ஓட்டுகிற செல்லப்பாண்டியின் கத்தரிப்பூச் சட்டையை எடுத்துப் பார்த்தாள், அவன் "அக்கா, இது தீபாவளிச் சட்டைக்கா" என்று அழாத குறையாக நின்றான். ஒரு வாரத்தில் விஷயம் பிடிபட்டது. அவள் போனில் எடுத்த படமாக இருக்க வேண்டும். படத்தில் இருக்கிற பொருள் ஊர் எல்லைக்குள் இருக்க வேண்டும். டிராப்பரை வைத்த நிமிஷம் நிறம் பொருளைவிட்டு வந்துவிடும். அந்த நிறத்தில் செய்த பேனரை இறக்கினால் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

உலகம்மைக்கு இந்த வேலையில் பதினாலு வருஷப் பழக்கம். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "எல்லாக் கலரையும் போடும்மா, சும்மாவா செய்யப்போற, காசு குடுக்கோம்ல?" அவள் ஒவ்வொருவருக்கும் இலைச் சாப்பாட்டை வைத்து விளக்குவாள். ஒரு நிறம் சோறு, அதுதான் இலையை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஒன்று அதோடு சேர்ந்துபோகிற குழம்பு. ஒன்று இரண்டோடும் ஒட்டாமல் ஓரத்தில் நொறுங்குகிற அப்பளம். இன்னொன்று ஊறுகாய், தொட்டுக்கொள்ளத்தான். "ஊறுகாயச் சோத்தளவு வெச்சா எவன் சாப்பிடுவான்?" என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது, ஆனாலும் "அந்த ரோஸக் கொஞ்சம் கூட்டு" என்றுவிட்டுத்தான் எழுந்து போவார்கள். எந்த இரண்டு நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தத் தெருவிலிருந்து கல் வரும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். கடையின் முன்கண்ணாடி இரண்டு தடவை உடைந்த பிறகுதான் மனப்பாடமானது.

முதல் உபயம் தெற்குத்தெரு மாரிக்கனி கொடுத்தது. அக்கா மகளுக்குக் காதுகுத்து, செய்முறை செய்யக் கையில் ஒன்றுமில்லை, கடைக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றவர், "எங்க வாழைத்தோட்டத்துப் பச்சைய வேணா எடுத்துக்கோ தாயி, என்னால ஆனது" என்றார். அந்தப் பச்சையில் நின்ற பேனரை நக்குவதற்கு வெள்ளாடுகள் வரிசையில் வந்தன. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தைவிடப் பெரிதாகக் கொடுத்தவர் பேரை எழுதிப் பழகிய ஊரல்லவா, பேனரின் அடியிலும் ஒரு வரி ஏறியது: பச்சை உபயம், தெற்குத்தெரு மாரிக்கனி வீட்டு வாழை. அவ்வளவுதான், ஊருக்கு வழி தெரிந்துவிட்டது. அடுத்த கல்யாணத்துக்கு ஒருவர் வீட்டுக் கதவின் நீலம், அதற்கடுத்த புதுமனைப் புகுவிழாவுக்குப் பூசணிப்பூவின் மஞ்சள், சடங்குக்கு ஒரு பானை நாவல்பழத்தின் ஊதா, இறந்தவருக்கு அவர் வீட்டு வேப்பமரத்தடி நிழலின் சாம்பல் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள், கொடுத்த வீட்டில் நாலு நாளைக்குக் கதவோ பானையோ பூவோ வெள்ளையாக நிற்கும், தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு "யாரு வீட்டு விசேஷத்துக்குக் குடுத்திருக்கீக?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள், கேட்காமல் போனால் அது மனத்தாங்கலாகிவிடும். உபய வரி இல்லாத பேனரை ஊர் மதிக்காது. யாரும் ஒன்றும் கொடுக்காத வீடு என்று அர்த்தம்.

கெட்டதும் ஒன்று நடந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கிற சண்முகக்கனியின் புது சைக்கிள் நீலத்தை ஒரு தலைவரின் பிறந்தநாள் பேனருக்கு எடுத்தார்கள். பிறந்தநாள் முடிந்தது, பேனரை இறக்க ஆளில்லை, நாலு மாசம் வெயிலில் கிடந்து வெளிறிப்போனது. இறக்கியபோது திரும்பி வந்தது நீலமே இல்லை, பலதடவை வெளுத்த சட்டைப் பை மாதிரி ஏதோ ஒன்று. சண்முகக்கனி சைக்கிளைக் கட்டிப்பிடித்து அழுதான். கலெக்டர் உத்தரவுக்கே பேனரை இறக்காத ஊர், அன்றிலிருந்து நாலாம் நாள் காலையில் தானே ஏணி போட்டு இறக்கத் தொடங்கியது. உலகம்மையும் தன் பங்குக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள்: நடமாடுகிற எதன்மேலும் டிராப்பரை வைப்பதில்லை, ஆடோ மாடோ மனுஷரோ. வானத்தையும் தொடுவதில்லை. மாநாட்டுக்குச் சாயங்கால வானத்தின் ஆரஞ்சைக் கேட்டு வந்தவர்களிடம், "பக்கத்து ஊர்க்காரன் சும்மா இருப்பானா? அவனுக்கும் அதே வானந்தான" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அந்த ஊரில் ஒரு பெண்ணைக் "கலரு" என்று சொன்னால் வெளுப்பு என்று அர்த்தம். உலகம்மை நல்ல கறுப்பு. மூன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து காபி குடித்து, பஜ்ஜி தின்று, "பொண்ணு கொஞ்சம் கலரா இருந்தா..." என்று இழுத்துவிட்டுப் போனார்கள். நாலாவது ஆள் வரும்போது அவள் கடையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அது வலித்தது, இப்போதும் எப்போதாவது வலிக்கும், அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் அவளுக்கு இன்னொரு ஏக்கமும் உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை. மெஷினில் இருப்பது நாலே நாலு மை. அந்த நாலைக் கொண்டு அவள் மனசில் இருந்த ஒரு கருநிறத்தை, சூடும் சிவப்பும் உள்ளே ஒளிந்திருக்கிற ஒரு கறுப்பைக் கொண்டுவரப் பதினாலு வருஷமாகப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் சேறாகத்தான் வந்தது.

அந்த நிறம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் கடைக்குள் நடந்து வந்தது. பேச்சியம்மாள் தன் மகள் ஆவுடையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தாள். வியாழக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை லிங்கதுரை, மில்லில் எலெக்ட்ரீஷியன், கோவில்பட்டிக்காரன். வந்து பார்த்த அன்றைக்கே பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டான். சொல்லாதது அவன் அம்மா.

"சம்பந்தியம்மா நேத்தும் போன் பண்ணுதா, பேனர்ல பொண்ணு போட்டோ போடாதீக, சொந்தக்காரங்க பாத்தா ஒரு மாதிரி பேசுவாங்கன்னு" என்றாள் பேச்சியம்மாள். "நீ அந்தக் குழாய எடுத்து இவ மேல வெச்சு உறிஞ்சிரு உலகம்மை. கதவு, பானை, சைக்கிள்னு எல்லாத்துக்கும் செய்யுதியே, எம்புள்ளைக்குச் செய்யமாட்டியா?"

"மதினி, வெளுத்தா கலராகாது. வத்தலப் பாத்தீகல்ல? பேப்பராத்தான் நிக்கும்."

"பேப்பரா நிக்கட்டும். பேப்பர எவளும் பழி சொல்லமாட்டா."

உலகம்மை ஆவுடையைப் பார்த்தாள். இருபத்தாறு வயசு, வாய் ஓரத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு, அன்றைக்கு அது இல்லை. "நீ சொல்லு தாயி."

"எடுத்துத்தான் பாருங்களேன்க்கா" என்றாள் ஆவுடை. "பொறந்ததுலேர்ந்து இதப் பத்தியே கேட்டுக்கிட்டு இருக்கேன். இது இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு எனக்கும்தான் பாக்கணும்போல இருக்கு."

இதற்கப்புறமும் மறுத்திருக்கலாம். கட்டுப்பாடு என்று ஒன்று வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆவுடை கண்ணாடிக் கதவு வழியாக வந்த வெயிலில் நின்றாள், அவள் கன்னத்தில் உலகம்மை பதினாலு வருஷமாகத் தேடியது இருந்தது, உலகம்மையின் கை அவளைக் கேட்காமலே போனை எடுத்தது. பாவம் என்று தெரிந்துதான் எடுத்தாள். டிராப்பரைக் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். திரை முழுவதும் அந்த நிறம் பரவியபோது செல்லப்பாண்டி மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றான், "அக்கா, இது சோறுக்கா, இதோட வேற ஒண்ணுமே வேண்டாம்" என்றான். பொன் எழுத்து மட்டும் வைத்தாள். ஊறுகாய்கூட வைக்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது ஆவுடை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உபயம் போடாத" என்றாள் பேச்சியம்மாள், மகளின் தலையில் முந்தானையை இழுத்துவிட்டபடி. "என்னன்னு போடுவ? அந்த வரிய விட்டுரு."

இருபதடி பேனர் உபய வரி இல்லாமல் அச்சாகியது. கடையில் அப்படி அச்சான முதல் பேனர் அதுதான்.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. செவ்வாய்க்கிழமை ஆவுடை தண்ணீர் எடுக்க வந்தபோது, "யாரு விசேஷத்துக்குக் குடுத்திருக்க?" என்று ஒருத்தி கேட்டாள், "என் விசேஷத்துக்குத்தான்" என்றாள் ஆவுடை, "நல்லது, நல்லது" என்று அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். வளையல்காரர் எந்த வளையலும் அந்தக் கைக்கு எடுப்பாக இல்லை என்று மூன்று பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். அக்கா மகன், மூன்று வயசு, மடியில் உட்கார வந்தவன் முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கி, "சித்தி எங்க?" என்று வீடு முழுக்கத் தேடினான்.

புதன்கிழமை கல்யாண மண்டப வாசலில் பேனரைக் கட்ட செல்லப்பாண்டி போனபோது உலகம்மையும் கூடப் போனாள். இரண்டு சவுக்குக் கம்புக்கு நடுவே அது விரிந்தது. ரோட்டில் போன பஸ் தானாக மெதுவானது. மண்டபத்துத் திண்டில் ஆவுடை தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிட்டி இருக்கு?"

"வேடிக்கையா இருக்குக்கா. முன்னாடி எல்லாம் ஒவ்வொருத்தர் கண்ணும் எம்மேல வந்து ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போகும், எரிச்சலா இருக்கும். இப்ப ஒரு கண்ணும் நிக்கமாட்டேங்குது. வழுக்கிட்டுப் போயிருது. அழுதா அழுறேன்னு தெரியல, சிரிச்சா சிரிக்கேன்னு தெரியல. நேத்து அம்மா எங்கிட்டயே வந்து, ஆவுடையக் கூப்புடுன்னா." கொஞ்ச நேரம் பேனரைப் பார்த்தாள். "அது நானாக்கா? நல்லாத்தான இருந்திருக்கேன்."

"ஞாயித்துக்கெழம காலையில நானே வந்து எறக்கிருவேன் தாயி" என்றாள் உலகம்மை.

பேச்சியம்மாள் பின்னாலிருந்து, "எறக்காத" என்றாள். "கம்போட பேத்து அப்படியே எங்க வீட்டு மொட்டைமாடியில நிறுத்தப்போறேன். ஓணாங்குளத்து வெயிலுக்கு நாலு மாசம், அஞ்சு மாசம். சுத்தமா வெளுக்கட்டும். அப்புறம் திரும்பி வர்றதுக்கு ஒண்ணும் இருக்காது."

"மதினி, அது பாவம். போச்சுன்னா போச்சு. சைக்கிள மறந்துட்டீகளா?"

"நீ பட்டது போதாதா உலகம்மை? மூணு பேரு வந்து தின்னுட்டுப் போனதப் பாத்துட்டுத்தான் ஒங்க அம்மா போய்ச் சேந்தா. எம்மகளும் ஒரு கடைய வெச்சுக்கிட்டு உக்காரணுமா?"

உலகம்மை கடைக்குப் போய்க் கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கோப்பை அழித்துப் பார்த்தாள், மறுபடி அழித்துப் பார்த்தாள், அச்சில் ஏறிய நிறம் அசையவில்லை. எடுத்த கை தன் கைதான், அதற்குப் பேச்சியம்மாளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. முதலில் இறங்கிய பெரியவர் பேனரைப் பார்த்து நின்றார், பின்னால் இறங்கியவர் அவர்மேல் இடித்துக்கொண்டு நின்றார், அடுத்தடுத்து இறங்கியவர்கள் எல்லாரும் நிற்க, வேனுக்குள் பாதிப்பேர் இறங்கமுடியாமல் "என்னப்பா அங்க?" என்று கத்தினார்கள். லிங்கதுரை பட்டு வேட்டியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேனருக்குக் கிட்டே போனான். வரவேற்க வந்தவர்களைக்கூடக் கவனிக்காமல், அதன்மேல் உள்ளங்கையை வைத்தான், பிறகு ஏதோ தப்புச் செய்தவன்போல எடுத்துக்கொண்டான்.

அவன் அம்மா தங்கபுஷ்பம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனரின் அடிவரை குனிந்து பார்த்தாள். இந்த ஊர் வழக்கத்தை அவளும் கேள்விப்பட்டிருந்தாள். "என்ன சம்பந்தி, உபயம் போடலையே? இது யாரு குடுத்த கலரு? கோவில்பட்டியில, மதுரையில, எங்கயும் நான் இப்படி ஒரு கலரப் பாத்ததில்ல. இந்தக் கலர்ல பட்டு எடுத்திருந்தா அள்ளிக்கிட்டுப் போயிருக்குமே! கூறைப்புடவை எடுக்கப் போனப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? எந்தக் கடைன்னு சொல்லுங்க."

கூட்டத்தில் ஆளாளுக்கு அதையே கேட்டார்கள், யாரு குடுத்தது, யாரு குடுத்தது என்று. மகள் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாக யாராவது சொல்லமாட்டார்களா என்று இருபத்தாறு வருஷம் காத்திருந்த பேச்சியம்மாள், இப்போது ஒரு வேன் நிறைய ஆள் நின்று சொல்லும்போது, ஆமாம் என்று சொல்லமுடியாமல் நின்றாள்.

மாடி ஜன்னலில், மணமகள் அறையில், ஆவுடை எல்லாவற்றையும் கேட்டாள். பாதி சுற்றிய பூவோடு படியிறங்கி வந்தாள். வெள்ளையாக ஒரு பெண் வருவதைப் பார்த்த கண்கள் எல்லாம் வழுக்கிக்கொண்டு பேனருக்கே திரும்பிப் போயின. அவள், உலகம்மையோடு கல்யாணத்துக்கு வந்திருந்த செல்லப்பாண்டியிடம் கையை நீட்டினாள். "பேனர் வெட்டுற அந்த பிளேடக் குடுண்ணே." அவன் உலகம்மையைப் பார்த்தான். உலகம்மை, "குடுடா" என்றாள்.

பிளேடை வாங்கிக்கொண்டு, கம்பில் சாத்தியிருந்த ஏணியில் அவள் ஏறினாள், ஏணி ஆடியது. ஆவுடை பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்து, "கொஞ்சம் பிடிங்க" என்றாள். பக்கத்தில் நின்ற ஆள் லிங்கதுரை. யாரென்று தெரியாமலே பிடித்துக்கொண்டான்.

"ஏட்டி, எறங்கு! முகூர்த்த நேரத்துல என்னட்டி இது!" என்று பேச்சியம்மாள் ஓடிவந்தாள். அதற்குள் முதல் கயிறு அறுந்தது. ஆவுடை இரண்டாவதை அறுத்தாள், கம்பின் உச்சிக்கு எட்டி மூன்றாவதை அறுத்தாள், எழுந்த காற்றில் பேனர் மடங்கிப் படபடத்துத் தரையில் விழுந்தது. லிங்கதுரையின் கண்ணுக்கு நேராக இருந்தது அவள் குதிகால். நிறம் முதலில் அங்கேதான் வந்தது, குதிகாலில், கணுக்காலில், பிளேடு பிடித்திருந்த விரல்களில், முழங்கையில், கழுத்தில், அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான், கடைசியில் முகத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்த முகம் அழுதுகொண்டிருந்தது எல்லாருக்கும் தெரிந்தது.

"நீங்கதானா!" என்றான் லிங்கதுரை. "அன்னைக்கு ஒங்க வீட்ல பாத்த கலராச்சேன்னுதான் பேனரத் தொட்டுப் பாத்தேன். இதப் பாத்ததும்தான் எனக்கு உசுரு வந்துச்சு."

"நாந்தான்" என்றாள் ஆவுடை. "இனிமே யாரு கேட்டாலும் குடுக்கமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். சரின்னா எறங்குறேன்."

"ஏணி ஆடுது, எறங்குங்க முதல்ல" என்றான் அவன்.

பேச்சியம்மாள் மகளின் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, "நான் பெத்த கலருல்லா, நான் பெத்த கலருல்லா" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள். தரையில் பேனர் வெறும் வெள்ளையாக, பொன் எழுத்து மட்டும் மினுங்கக் கிடந்தது. கோவில்பட்டிச் சொந்தக்காரர்கள் அதைத் தாண்டித் தாண்டி மண்டபத்துக்குள் போனார்கள், போகிறபோது மணப்பெண்ணை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

தங்கபுஷ்பம் மட்டும் போகவில்லை. பேனரையும் பெண்ணையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி மாட்டினாள். பிறகு கடைக்காரி இவள்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு உலகம்மையின் பக்கத்தில் வந்து, வேறு யார் காதிலும் விழாதபடி மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் கலரு... எந்தக் கடையிலயும் கெடைக்கவே கெடைக்காதோ?"

"கெடைக்காதும்மா" என்றாள் உலகம்மை. "ஒங்க வீட்டுக்குத்தான் வருது. உள்ள போய் ஆரத்தி எடுங்க."